தாத்தா பிறந்த தீவுக்குப் போக வேண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தாத்தா 1911ஆம் ஆண்டு ஃபிஜித் தீவில், லம்பாசா என்னும் ஊரை ஒட்டிய கரும்புத் தோட்டத்தில் பிறந்தவர். 1920இல், ஒன்பது வயதுப் பையனாக, பெற்றோருடன் கப்பலேறிச் சென்னைக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் குடியாத்தம் வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கவுண்டன்யா ஆற்றங்கரையை விட்டு அதிகம் நகராமல் வாழ்ந்து 1989இல் காலமானார். ஊரில் அவருக்குப் 'பிஜி தாத்தா' என்றே பெயர். பள்ளி ஆசிரியைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் அந்தத் தீவைப் பற்றிய காகிதங்களைத் தேடத் தொடங்கினேன். அது தெரிந்ததும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பக்கங்களில் இதே போன்ற கதையுள்ள குடும்பத்தார் பலர் என்னிடம் விசாரிக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

சொந்த ஊர் வட ஆற்காடு என்றால், கடலுக்கு அப்பால் இருக்கும் தீவு எப்படிப் பூர்வீகம் ஆகும்?

இந்தக் கேள்வியை என் மகனே முதலில் கேட்டான். பூர்வீகம் என்றால் பட்டா இருக்கும் இடம், குலதெய்வக் கோயில் இருக்கும் இடம் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். அந்தக் கணக்கில் பார்த்தால் எங்களுக்கு எல்லாமே இங்கேதான். ஆனால் எங்கள் பூட்டனும் பூட்டியும் பதினைந்து ஆண்டுகள் வியர்வை சிந்திய மண் அது. தாத்தாவின் தொப்புள்கொடி புதைந்த இடம் அது. எல்லாவற்றுக்கும் மேலாக, தாத்தாவின் அக்கா அங்கேயே நின்றுவிட்டார். 1920இல் குடும்பம் புறப்பட்டபோது அவருக்குப் பதினான்கு வயது. அதற்கு முந்தைய வருடம்தான் அங்கே வாழ்க்கைப்பட்டிருந்தார். அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எங்களுக்கு ரத்த சொந்தம். ஒரு வேர் இங்கே இருக்கிறது. இன்னொரு வேர் அங்கே இருக்கிறது.

பிரியும்போது அக்காவும் தம்பியும் தங்கள் பல்லாங்குழிச் சோழிகளைப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டார்களாம். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து என்று எழுபது சோழி. தாத்தா கொண்டுவந்தது முப்பத்தைந்து. மஞ்சள் பாரித்து, விளிம்பில் சிறு பற்கள் தேய்ந்து மழுங்கிப்போன அந்த முப்பத்தைந்தும் இன்றும் எங்கள் வீட்டுப் பித்தளைச் செம்பில் இருக்கின்றன. எதிர்ப்பக்கத்து ஏழு குழிகளுக்கு ஆயா புளியங்கொட்டை போட்டு எங்களுக்கு விளையாடச் சொல்லிக் கொடுத்தார். யார் சோழிப் பக்கம் உட்காருவது என்று நாங்கள் சண்டை போடுவோம். தாத்தா திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார்.

தீவை நினைத்து ஏங்குவது வேலூருக்குப் புதிதும் அல்ல. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை ஆங்கிலேயர் 1816இல் குடும்பத்தோடு இங்கே கொண்டுவந்து கோட்டைக்குள் வைத்தார்கள். 1832இல் இறக்கும்வரை அவர் தம் தீவை மறுபடி பார்க்கவில்லை. பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் அவர் நினைவிடம் இருக்கிறது. சிறு வயதில் தாத்தா என்னை அங்கே அழைத்துப்போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு நெடுநேரம் நின்றதன் காரணம் எனக்குப் பல வருடங்கள் கழித்தே விளங்கியது.

நம் பக்கத்து ஆட்கள் அவ்வளவு தூரம் எப்படிப் போனார்கள்?

ஃபிஜி 1874இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1879 மே 14 அன்று லியோனிடாஸ் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் தொழிலாளர்களை அங்கே கொண்டு சேர்த்தது. தொடக்கத்தில் எல்லாக் கப்பல்களும் கல்கத்தாவிலிருந்துதான் போயின. 1903 முதல் சென்னையிலிருந்தும் போகத் தொடங்கின. 1916இல் கடைசிக் கப்பல் போகும்வரை மொத்தம் 60,000க்கும் மேற்பட்டோர் சென்றார்கள். அவர்களில் ஏறக்குறைய 15,000 பேர் தென்னிந்தியர்கள். அந்தத் தென்னிந்தியர்களை அதிகமாக அனுப்பிய மாவட்டங்களில் வட ஆற்காடு முன்வரிசையில் இருந்தது.

காரணங்களை நம் ஊர்ப் பெரியவர்களே சொல்வார்கள்: மழை பொய்த்தது, கடன் ஏறியது, தறி ஓடவில்லை, பங்காளிச் சண்டை, விதவையின் வீட்டில் ஒரு வாய் குறைந்தால் போதும் என்ற நிலை. ஆள் சேர்ப்பவர்கள் சந்தையிலும் ரயிலடியிலும் நின்றார்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது என்பதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அதே தண்டவாளத்தில்தான் நம் ஆட்கள் சென்னைத் துறைமுகத்துக்கு ஏற்றிச்செல்லப்பட்டார்கள்.

ஒப்பந்தம் ஐந்து வருடம். 'அக்ரிமென்ட்' என்ற சொல் நாவில் திரிந்து 'கிர்மிட்' ஆனது. போனவர்கள் 'கிர்மிட்டியர்' ஆனார்கள். ஆணுக்கு நாள் கூலி ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். அன்றைக்கு அளந்துவிட்ட வேலையை முடித்தால்தான் அதுவும் முழுதாகக் கிடைக்கும். காய்ச்சலில் படுத்தால் கூலி போகும், சில நேரம் வழக்கும் வரும். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்பது சட்டக் கணக்கு. 'லைன்' என்ற நீளக் கொட்டகையில் பத்தடிக்கு ஏழடி அறை ஒன்றில் ஒரு குடும்பமோ மூன்று தனி ஆட்களோ இருந்தார்கள். ஐந்து வருடம் முடிந்தால் சொந்தச் செலவில் திரும்பலாம். பத்து வருடம் இருந்தால் அரசு செலவில் திரும்பலாம். 1920 ஜனவரி 1 அன்று எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் எல்லாம் ரத்து செய்யப்பட்டன. அந்த ஆண்டு திரும்பியவர்களுள் எங்கள் குடும்பமும் ஒன்று. பெரும்பாலோர் திரும்பவே இல்லை.

எங்கள் வீட்டில் தீவின் பெயரே குழப்பமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

வீட்டில் உயிரோடு இருக்கும் மூத்தவரிடமிருந்து, இன்றைக்கே. அவர் சொல்லும் ஊர்ப் பெயரைத் திருத்தாமல், அவர் வாயில் வரும் ஒலியிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தாத்தா 'லம்பாசா' என்றுதான் எப்போதும் சொன்னார். நான் படித்த பெண் என்ற எண்ணத்தில் வரைபடத்தைப் பிரித்து, 'லபாசா என்று போட்டிருக்கிறது தாத்தா, நீங்கள் தப்பாகச் சொல்கிறீர்கள்' என்று திருத்தினேன். அவர் சிரித்துவிட்டு மறுபடி லம்பாசா என்றார். ஃபிஜி மொழியை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை வேறு என்பது எனக்கு அப்போது தெரியாது. அங்கே b என்று எழுதினால் 'ம்ப' என்று படிக்க வேண்டும். d என்று எழுதினால் 'ந்த' என்று படிக்க வேண்டும். g என்பது 'ங' ஆகும். வரைபடத்தில் நாடி என்று படிக்கத் தோன்றும் ஊர் உண்மையில் நாந்தி; பா என்று இருப்பது ம்பா. எழுதப் படிக்கத் தெரியாத நம் முன்னோர் காதால் கேட்டதைச் சுத்தமாகக் கொண்டுவந்தார்கள். நாம்தான் எழுத்தைப் பார்த்துக் கெடுத்துவிடுகிறோம்.

ஒலியை வைத்துக்கொண்டு இடத்தைக் குறுக்கிவிடலாம். நாந்தி, லௌட்டோக்கா, ம்பா, தவுவா, ராக்கிராக்கி என்ற பெயர்கள் வீட்டில் புழங்கினால் அது விட்டி லெவு என்ற பெரிய தீவின் மேற்கு, வடக்குக் கரும்புப் பகுதி. நௌசோரி, நவுவா என்றால் அதே தீவின் தென்கிழக்கு. லம்பாசா என்றால் வனுவா லெவு என்ற இரண்டாவது தீவு. ஃபிஜி ஒரே தீவு அல்ல, 300க்கும் மேற்பட்ட தீவுகளின் கூட்டம். எந்தத் தீவு என்று தெரியாமல் டிக்கெட் எடுத்தால் தாத்தாவின் ஊருக்கும் உங்களுக்கும் நடுவே இன்னொரு கடல் இருக்கும்.

ஊர்ப் பெயர் கிடைக்காவிட்டால் சாப்பாட்டைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் சேப்பங்கிழங்குக்குத் 'தாலோ' என்று பெயர். அது ஃபிஜிச் சொல் என்று அறியாமல் நேதாஜி மார்க்கெட்டில் போய்த் தாலோ கேட்டு நின்றிருக்கிறேன். 'புலா' என்ற வணக்கமும் 'வினாகா' என்ற நன்றியும் எந்த வீட்டில் பேச்சில் தங்கியிருக்கிறதோ, அந்த வீட்டார் போன தீவு ஃபிஜிதான்.

'பாஸ்' என்கிறார்களே, அது என்ன? அது எங்கே இருக்கிறது?

கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் குடியேற்றப் பாஸ் எழுதப்பட்டது. ஒருவருக்கு ஒரு தாள். அதில் கப்பல் பெயர், வரிசை எண், ஆள் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, நெருங்கிய உறவினர், மணமானவர் என்றால் யாருக்கு என்பது, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் இருக்கும். இந்தத் தாள்கள் கப்பலோடு தீவுக்குப் போய்விட்டன. சுவா நகரில் உள்ள ஃபிஜி தேசிய ஆவணக் காப்பகத்தில் அவை பாதுகாக்கப்படுகின்றன. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அக்கால அரசாணைகளையும் குடியேற்றம் பற்றிய அறிக்கைகளையும் படிக்கலாம். ஆனால் உங்கள் பூட்டனின் தனித்தாளை அங்கே தேடி நாளைச் செலவிட வேண்டாம்.

எங்கள் பூட்டனின் பாஸ் நகல் கைக்கு வந்த அன்று நான் சமையலை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வருடம் 1905. வயது 22. உயரம் ஐந்தடி இரண்டங்குலம். அடையாளம் என்ற இடத்தில், இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு என்று ஒரு குமாஸ்தா சாய்ந்த எழுத்தில் எழுதியிருந்தார். புகைப்படம் இல்லாத மனிதர் அவர். எங்களிடம் அவருடைய முகம் கிடையாது. ஆனால் அந்தத் தழும்பு எனக்கு முன்பே தெரியும். சிறுவயதில் ஏற்றக்காலில் இடித்துக்கொண்டது என்று தாத்தா தன் அப்பாவைப் பற்றிச் சொன்ன கதைகளில் அது வரும்.

தீவில் பிறந்தவர்களுக்குப் பாஸ் இருக்காது. அவர்களுக்குப் பிறப்புப் பதிவு உண்டு. அதற்கு ஃபிஜி அரசின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு அலுவலகத்துக்கு எழுத வேண்டும். பெற்றோரின் பாஸ் எண்ணைக் குறிப்பிட்டால் வேலை எளிது.

மாவட்டமும் ஊர்ப் பெயரும் பொருந்தவில்லையே?

முதல் தடவை நான் அனுப்பிய விண்ணப்பம் பலனில்லாமல் போனது இதனால்தான். 'வேலூர் மாவட்டம்' என்று எழுதியிருந்தேன். அப்படி ஒரு மாவட்டமே அன்று கிடையாது. 1911 வரை வட ஆற்காட்டின் தலைநகரம் சித்தூர். அந்த ஆண்டு சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகே வேலூர் தலைநகரம் ஆனது. ஆகவே 1911க்கு முந்தைய பாஸில் வட ஆற்காடு என்று இருந்தால், ஊர் இன்றைய ஆந்திரத்திலும் இருக்கலாம்; பலமநேர், சந்திரகிரிப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்களும் அதே பெயரின் கீழ்தான் வருவார்கள். திருப்பத்தூர்க்காரர்கள் இதற்கு நேர்மாறாகச் சேலம் ஜில்லாவில் தேட வேண்டும், ஏனென்றால் அந்தத் தாலுகா 1911இல்தான் நம்மோடு சேர்ந்தது. 1989இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனியே போனது. 2019இல் வேலூர் மறுபடி மூன்றானது. விண்ணப்பத்தில் இந்தப் புதிய பெயர்கள் எதையும் எழுதாதீர்கள். 'வட ஆற்காடு ஜில்லா', தாலுகா, கிராமம் என்று பழைய வரிசையிலேயே எழுதுங்கள்.

எழுத்துக்கூட்டலும் அப்படித்தான். வந்தவாசி 'வாண்டிவாஷ்' ஆகியிருக்கும், குடியாத்தம் 'குடியாட்டம்' ஆகியிருக்கும். முனுசாமி என்ற பெயரை மூன்று குமாஸ்தாக்கள் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் நூறு முனுசாமிகள் வருவார்கள். தகப்பன் பெயரும் கிராமமும் சேரும்போதுதான் நம் ஆள் வருவார்.

பாஸில் இருக்கும் சாதி எங்கள் சாதி அல்லவே?

நடந்திருக்கக்கூடியதுதான். வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்று பயந்து மாற்றிச் சொன்னவர்கள் உண்டு, குமாஸ்தா தன் மனம்போல எழுதியதும் உண்டு. மற்ற விவரங்கள் பொருந்தினால் இந்த ஒன்றுக்காக அந்தத் தாளைத் தள்ளிவிடாதீர்கள்.

பணம் கொடுத்தால் தேடித் தருகிறோம் என்கிறார்களே, நம்பலாமா?

ஒருமுறை கொடுத்து ஏமாந்தேன். வந்த காகிதத்தில் இருந்தவர் வேறு ஒருவருடைய பூட்டன். காப்பகத்துக்கு நீங்களே நேரடியாக எழுதுங்கள்; கட்டணம் இருந்தால் அவர்கள் சொல்வார்கள்.

எங்கள் பெரியவர் 'மோரீசு' என்றுதான் சொன்னார். அதுவும் ஃபிஜியும் ஒன்றா?

இல்லை. அது மொரீஷியஸ், இந்துமாக்கடலில், ஆப்பிரிக்காவின் பக்கம் இருக்கும் தீவு. ஃபிஜி பசிபிக் கடலில், ஆஸ்திரேலியாவுக்கும் கிழக்கே இருக்கிறது. மொரீஷியஸுக்கு 1834 முதல் ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். அவர்கள் இறங்கிய துறை, ஆப்பிரவாசி காட், போர்ட் லூயிஸ் நகரில் இன்றும் இருக்கிறது, 2006இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அங்கத்திய குடியேற்றப் பதிவேடுகள் மோக்கா என்ற ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. 'நட்டால்' என்று சொல்லியிருந்தால் அது தீவே அல்ல, தென்னாப்பிரிக்கா. அங்கும் நம் மாவட்டத்தார் 1860 முதல் ஏராளமாகப் போயிருக்கிறார்கள்.

அங்கே இருக்கும் உறவினர்கள் தமிழ் பேசுவார்களா? நம்மை ஏற்றுக்கொள்வார்களா?

வீட்டுப் பேச்சு பெரும்பாலும் 'ஃபிஜி இந்தி' என்ற மொழிக்கு மாறிவிட்டது. தோட்டத்தில் வடக்கத்தியர் அதிகம், நம்மவர் குறைவு; பொது மொழி அதுவானது. தமிழ், தெலுங்கு, மலையாளம் பேசிய அனைவரையும் சேர்த்து 'மதராசி' என்று அழைத்தார்கள். ஆனால் தமிழ் கோயிலில் தங்கியது. சாது குப்புசாமி தலைமையில் 1926இல் நாந்தியில் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் தொடங்கப்பட்டது; பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கப் பள்ளிகள் கட்டியது. அதன் அழைப்பின் பேரில் ராமகிருஷ்ண மிஷனின் சுவாமி அவினாசானந்தர் 1937இலும், சுவாமி ருத்ரானந்தர் 1939இலும் அங்கே போனார்கள். இன்றும் சங்கம் என்றால் ஃபிஜியில் எல்லோருக்கும் தெரியும். உறவினரைத் தேடுபவர்கள் முதலில் அந்தச் சங்கத்தின் ஊர்க் கிளைக்கு எழுதுவது நல்லது.

நாந்தியில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் நம்மூர்க் கோபுரம் போலவே வண்ணத்தோடு நிற்கிறது. சுவாவில் ஹோவெல் சாலை மாரியம்மன் கோயிலில் ஆண்டுதோறும் தீமிதி நடக்கிறது. ஊருக்கு ஊர் அக்னி வசந்தம் நடத்தும் வட ஆற்காட்டுக்காரர்களுக்கு அதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை: மொழி போன பிறகும் காப்புக் கட்டுவதும் பூங்கரகமும் குழி இறங்குவதும் போகவில்லை.

ஏற்றுக்கொள்வார்களா என்றால், கையில் ஆதாரத்தோடு போனால் ஏற்றுக்கொள்வார்கள் என்பது என் நம்பிக்கை. ஆனால் ஒன்றை முன்கூட்டியே மனத்தில் வைக்க வேண்டும். தாத்தா பிறந்த நிலத்தில் உறவினர் இன்றும் இருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். அங்கே நிலத்தின் பெரும்பகுதி ஃபிஜிப் பூர்வகுடிகளுக்கே உரியது. நம்மவர் குத்தகைக்குப் பயிரிட்டார்கள். முப்பது ஆண்டுக் குத்தகைகள் 1997 முதல் ஒவ்வொன்றாக முடிந்தபோது பலர் வயலை விட்டு நகரத்துக்குப் போனார்கள். 1987லும் 2000லும் ஆட்சிக் கவிழ்ப்புகள் நடந்தபின் ஆயிரக்கணக்கானோர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று குடிபெயர்ந்தார்கள். உங்கள் அத்தை வழிப் பேரன் லம்பாசாவில் இல்லாமல் சிட்னியில் இருக்கலாம். சொத்துப் பங்கு கேட்க வந்திருக்கிறார்களோ என்ற சந்தேகம் அவர்களுக்கு வருவதும் இயற்கை. முதல் கடிதத்திலேயே அப்படி ஒரு எண்ணம் இல்லை என்று தெளிவாக எழுதிவிடுங்கள்.

எப்படிப் போவது? விசா வேண்டுமா?

இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு முன்கூட்டியே விசா வாங்கத் தேவையில்லை; சுற்றுலாவாக நான்கு மாதம் வரை தங்க இறங்கும் இடத்திலேயே அனுமதி தருகிறார்கள். திரும்பும் டிக்கெட்டும் தங்கும் இடத்தின் விவரமும் கையில் இருக்க வேண்டும். விதிகள் மாறக்கூடியவை என்பதால் டிக்கெட் எடுக்குமுன் ஃபிஜிக் குடிவரவுத் துறையின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூர் நான்கு மணி நேரம். அங்கிருந்து நாந்தி பத்து மணி நேரம். ஆஸ்திரேலியா வழியாகவோ நியூசிலாந்து வழியாகவோ போனால் இடைத்தங்கலுக்கே தனியாக விசா கேட்பார்கள், கவனம். லம்பாசாவுக்கு நாந்தியிலிருந்தோ சுவாவிலிருந்தோ சிறு விமானத்தில் மாற வேண்டும். நம்மைவிட ஃபிஜிக் கடிகாரம் ஆறரை மணி நேரம் முந்தியது.

நீராவிக் கப்பலில் அந்தப் பயணம் ஏறக்குறைய ஒரு மாதம் ஆனது. பாய்மரக் கப்பலில் இரண்டு மாதத்துக்கும் மேல்.

எந்த மாதம் நல்லது?

ஜூன் முதல் செப்டம்பர் வரை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். ஜூனில் கரும்பு அரவை தொடங்கும். 1894 முதல் இயங்கும் லம்பாசா ஆலையில் குட்டி ரயில் பெட்டிகள் கரும்போடு வரிசையாக வந்து நிற்பதை அப்போதுதான் பார்க்க முடியும்.

ஊர் மண்ணைக் கொண்டுபோய் அங்கே தூவலாமா? அங்கிருந்து மண் கொண்டுவரலாமா?

இரண்டுமே முடியாது. பயிர்நோய் வரும் என்பதால் மண், விதை, செடி எதையும் ஃபிஜியில் இறக்க விடமாட்டார்கள். மஞ்சள் கிழங்கு, புளி, ஊறுகாய் எதுவானாலும் படிவத்தில் எழுதிக் காட்ட வேண்டும். இந்தியாவிலும் வெளிநாட்டு மண்ணைக் கொண்டுவரத் தடை உண்டு. பாலாற்று மணல் ஒரு பிடி கொண்டுபோக வேண்டும் என்று ஆசைப்பட்டவள் நான். அது நடக்காது என்று தெரிந்தபோது வருத்தமாகத்தான் இருந்தது. துணிக்குத் தடை இல்லை. ஆரணிப் பட்டுப் புடவை ஒன்றும் குடியாத்தம் கைலிகள் சிலவும் எடுத்து வைத்திருக்கிறேன். கூடவே பெரிய தாளில் வம்சாவளி: நம் பக்கத்துக் கிளை முழுதும் எழுதி, அவர்கள் பக்கத்தைக் காலியாக விட்டு.

அங்கிருந்து யாராவது நம் ஊரைத் தேடி வந்தால் என்ன செய்வது?

அவர்களும் நம்மைப் போலவே ஒரு பாஸ் நகலைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். சில வருடங்களுக்கு முன் வயதான தம்பதி ஒருவர் பக்கத்து ஊருக்கு வாடகைக் காரில் வந்தார்கள். தாளில் இருந்த ஊர்ப் பெயரை ஓட்டுநரால் படிக்க முடியவில்லை. டீக்கடையில் விசாரித்தார்கள், அப்படி ஊரே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த ஊர் மூன்று கிலோமீட்டரில் இருந்தது, பெயரின் கடைசி எழுத்து மட்டும் மாறியிருந்தது. எனக்குச் செய்தி வந்து சேர்வதற்குள் அவர்கள் சென்னைக்குத் திரும்பிவிட்டார்கள். அந்த அம்மாளின் முகத்தை நான் பார்க்கவில்லை; ஆனாலும் இன்றுவரை அதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

ஆகவே அப்படி யாராவது வந்தால் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். தாளை வாங்கிச் சத்தமாகப் படியுங்கள், பெயர் காதில் விழுந்தால்தான் பெரியவர்களுக்குப் பிடிபடும். கிராம நிர்வாக அலுவலரிடம் பழைய ஊர்ப் பெயர்களைக் கேளுங்கள், கோயில் பூசாரியிடம் வரிதாரர் பெயர்களைக் கேளுங்கள். வீடு தெரியாவிட்டாலும் ஊரின் அம்மன் கோயிலுக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர்களுடைய பூட்டன் கும்பிட்டுப் புறப்பட்ட வாசல் அதுவாகத்தான் இருக்கும்.

வயதாகிவிட்டது, கையில் பணமும் இல்லை. போக முடியாதவர்கள் என்ன செய்வது?

காகிதத்தை முடியுங்கள். பாஸ், பிறப்புப் பதிவு, வம்சாவளி இந்த மூன்றையும் சேர்த்து வைத்தால், நீங்கள் போகாவிட்டாலும் உங்கள் பேத்தி போவாள். அல்லது அங்கிருந்து ஒருவர் வந்து உங்கள் கதவைத் தட்டுவார். ஃபிஜியில் மே 14ஐக் கிர்மிட் நாளாகக் கொண்டாடுகிறார்கள். 2023 முதல் அரசு விடுமுறையும் விடுகிறார்கள். குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள். பெரும்பாலும் அதே மே 14 அல்லது மறுநாள் வரும். அம்மன் சிரசு ஊர்வலம் போகும்போது கூட்டத்தில் நின்று, போனவர்களின் பெயர்களை நான் வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். அதற்குச் செலவு எதுவும் இல்லை.

நீங்கள் எப்போது போகிறீர்கள்? அங்கே போய் என்ன செய்வீர்கள்?

வருகிற ஜூலையில். பாஸ்போர்ட் வந்துவிட்டது, முழங்கால் வலிக்கு மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். லம்பாசா சங்கக் கிளை மூலம் போட்ட விசாரிப்புக்கு ஒரு குடும்பத்திடமிருந்து பதில் வந்திருக்கிறது. அவர்கள் பாட்டியின் பெயரும் தகப்பன் பெயரும் பொருந்துகின்றன; பிறந்த வருடம் ஒன்று தள்ளி இருக்கிறது. முதலில் அந்தப் பாட்டியைப் புதைத்த இடத்தையோ எரித்த ஆற்றங்கரையையோ காட்டச் சொல்வேன். அங்கே நின்று, 'உங்கள் தம்பி கடைசிவரை லம்பாசா என்றுதான் சொன்னார்' என்று சொல்ல வேண்டும்.

சோழிகளில் ஐந்தை மட்டும், ஒரு குழிக்கு உரியதை, படிவத்தில் எழுதிக் காட்டி எடுத்துப் போகிறேன். அவர்கள் வீட்டில் மற்ற முப்பத்தைந்து இருக்கிறதா என்று கடிதத்தில் நான் கேட்கவில்லை. நேரில் போய்ச் செம்பைத் திறந்து காட்டிய பிறகு கேட்பேன்.